ஊறப்போடாத மூங்கில்

சந்திரகலா வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் அடுப்படி ஒன்றுதான். அதைச் சுற்றி எந்நேரமும் யாராவது இருந்தார்கள். மாமியார் மணியம்மாள், இரண்டு ஓரகத்திகள், அவர்களுடைய பிள்ளைகள், அறுப்புக் காலத்தில் கூலியாட்களுக்குக் கூழ் வாங்க வரும் பெண்கள். பொன்னேரிக்கு அடுத்த ஆரணிக்குப் பக்கத்தில், நெல் வயல்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பெரிய வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பகலில் பேசிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. துளசிராமனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பான். அம்மா சந்திரகலாவிடம் சொல்வாள். சந்திரகலா செம்பைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுப்பாள். அவன் குடிப்பதைக் கதவு இடுக்கில் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

அவள் கடம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவின் மகள். ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டே அறைகள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிப்பார்கள். சண்டை போடுவார்கள். சண்டை நடக்கும்போதே ஏதோ ஞாபகம் வந்து இரண்டு பேரும் சிரிப்பார்கள். கல்யாணம் என்றால் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

பிறந்த வீட்டுக்குப் போகும்போதுதான் அவளுக்குப் புருஷன் கிடைத்தான். பொன்னேரியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் வண்டிக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் துளசிராமன் வேறு ஆளாகிவிடுவான். கொய்யாப்பழம் வாங்கி மிளகாய்ப்பொடி தொட்டுக் கொடுப்பான். பிளாட்பாரத்தில் போகிறவர்களைப் போலவே நடந்து காட்டுவான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். திரும்பி வரும்போது பொன்னேரி நெருங்க நெருங்க அவன் பேச்சு குறைந்து, மாட்டு வண்டியில் ஏறியதும் நின்றுவிடும்.

அப்படி ஒரு பயணத்தில்தான் அவள் கேட்டாள். பெரிய வீட்டை விட்டுத் தூரமாகப் போக வேண்டாம், அதே கொல்லையின் கோடியில் ஒரு கூரை போதும், தனக்கென்று ஒரு அடுப்பும் சாத்திக்கொள்ள ஒரு கதவும் இருந்தால் போதும் என்றாள். அவன் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, நைனாவிடம் கேட்கிறேன் என்றான். கேட்க ஒரு வருஷம் பிடித்தது.

மாமனார் தணிகாசலம் கத்துகிற மனிதர் அல்ல. அவருடைய நிலத்தில் ஒரு வரப்பைக்கூட யாரும் நகர்த்தியதில்லை. அடுப்பு பிரிந்தால் அடுத்து நிலம் பிரியும் என்பது அவருக்குத் தெரியும், மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் அவர் சம்மதித்தபோது வீடே ஆச்சரியப்பட்டது. ஊர் அம்மன் கோவிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்த அன்றைக்கு, கற்பூரத் தட்டு எதிரில் இருக்கும்போதே அவர் மருமகளைப் பார்த்துப் பேசினார்.

"கட்டிக்கோங்கம்மா. மூங்கி நம்ம கொல்லையிலேயே கீது, மண்ணு கீது. அந்த ஊடு நிக்கிற வரைக்கும் தனியா பொங்கித் தின்னுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கூரை எறங்குச்சின்னா பேசாம வந்துடணும். இன்னொரு ஊடு கேக்கக்கூடாது. இன்னா சொல்றே?"

வீடு என்றால் ஆயுளுக்கும் நிற்பது என்றுதான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்குத் தெரியும். சந்திரகலா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சரி மாமா என்றாள். மாமனாரைப் போலப் பெரிய மனசு யாருக்கு வரும் என்று அன்றைக்கு ஓரகத்திகள் இரண்டு பேரும் பொறாமைப்பட்டார்கள்.

சித்திரையில் மூங்கில் வெட்டினார்கள். வயலில் வேலை இல்லாத மாதம். கொல்லையின் பின்பக்கம் குட்டையை ஒட்டி அந்த வீட்டின் மூங்கில் புதர் இருந்தது. துளசிராமனே அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். சந்திரகலா அவனுக்கு மோர் கொண்டுபோகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மூங்கிலும் சரசரவென்று இறங்கி வரும்போது அவள் விரல்விட்டு எண்ணினாள். வெட்டிய மூங்கில்கள் பச்சைப் பசேலென்று கிடந்தன. கையை வைத்தால் குளிர்ச்சியாக இருந்தது, கணுவில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது.

குட்டைத் தண்ணீரில் வேறு மூங்கில்கள் கிடந்தன. கருத்து, வழவழத்து, மேலே கல் ஏற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் அழுகல் நாற்றம் வந்தது.

"ஐய, இது இன்னா இந்த நாத்தம்?" என்று அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அது மாட்டுக் கொட்டாய்க்கு," என்றான் அவன்.

"நல்லவேள. நம்பளுது எவ்ளோ அழகா பச்சையா கீது பாருங்க."

அவன் சிரித்தான். ஒரு கணம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்லப் போகிறவன் போல அவளைப் பார்த்தான். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூங்கிலை வெட்டப் போய்விட்டான்.

மறுநாள் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. பாடை கட்ட மூங்கில் கேட்டு ஆட்கள் வந்தார்கள். துளசிராமன் தன் வீட்டுக்கு வெட்டி வைத்திருந்த குவியலிலிருந்தே இரண்டை உருவிக் கொடுத்தான். சந்திரகலாவுக்கு அழுகை வந்துவிட்டது. தான் குடிபோகிற வீட்டு மூங்கிலை யாராவது பாடைக்குக் கொடுப்பார்களா என்று மாமியாரிடம் போய் நின்றாள். மணியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூங்கிதானே மே. அதுக்கும் பச்ச மூங்கிதான், இதுக்கும் பச்ச மூங்கிதான்," என்றாள். சொல்லிவிட்டு முறத்தைத் தட்டுவதை நிறுத்தினாள். வேறு இரண்டு வெட்டி வைக்கச் சொல்கிறேன், போ என்று அனுப்பிவிட்டாள்.

வைகாசியில் குடிபோனார்கள். மண் சுவர், மூங்கில் கூரை, மேலே பனை ஓலை. ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு. கதவைச் சாத்தினால் உள்ளே இருட்டிவிடும். ஆனாலும் முதல் வாரம் முழுவதும் சந்திரகலா பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

ரயிலில் மட்டும் கிடைத்த புருஷன் இப்போது நாள்தோறும் கிடைத்தான். வயலிலிருந்து வந்ததும் அடுப்புக்கு எதிரில் குந்திக்கொண்டு, அன்றைக்குப் பார்த்தவர்களையெல்லாம் நடித்துக் காட்டுவான். அவள் வைத்த முதல் மீன் குழம்பில் உப்பே இல்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, எழுந்து போய், உப்புச் சாடியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்து, இதற்கும் இந்த வீட்டில்தான் வேலை என்று அறிமுகப்படுத்தி வைத்தான். வாங்க போங்க என்று அவள் சொன்னால் யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறதென்று அவன்தான் கேட்டுக்கொண்டான். அவளுக்கு முதலில் நாக்கு வரவில்லை. பிறகு ஒருநாள், பால் பொங்கி வழிகிற அவசரத்தில், "யோவ் துளசி, அந்தத் துணிய எடு" என்று வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பால் முழுவதும் அடுப்பில் போனது. அன்றையிலிருந்து அந்தக் கதவுக்கு உள்ளே அவள் அவனை நீ என்றாள். வெளியே வந்தால் இன்னாங்க.

முதல் மழை முடிந்த பிறகு மாவு உதிர ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் பாயில், தலைமுடியில், மூடி வைக்காத பாத்திரத்தில் மெல்லிய மஞ்சள் தூள். மேலே பார்த்தால் மூங்கிலில் ஊசி குத்தியது போலத் துளைகள். வண்டு துளைக்கிறது என்று துளசிராமன் சொன்னான். நமக்கு ராத்திரியெல்லாம் பவுடர் பூசி விடுகிறது என்று அவள் கன்னத்தில் அந்தத் தூளைத் தடவினான். அவளும் சிரித்தாள்.

அடுத்தது கறையான், ஊர்ப்பேச்சில் செல்லு. சுவரின் அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மண் கோடு ஒன்று கிளம்பி மேலே ஏறியது. அவள் விளக்குமாற்றால் தட்டினால் மறுநாள் அதே இடத்தில் ஈரமாகப் புதுக் கோடு. மண்ணெண்ணெய் ஊற்றினாள். வேப்பம் பிண்ணாக்கைக் கரைத்துச் சுவரடியில் ஊற்றினாள். சாம்பலைத் தூவினாள். ஏணி வைத்து ஏறி, கூரைக்கு உள்ளே தலையை நுழைத்து, கோடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். துளசிராமன் ஏணியைப் பிடித்துக்கொள்வான். விளக்கைத் தூக்கிப் பிடிப்பான். அவன் மேலே ஏறிப் பார்த்ததில்லை. இவளுக்குத்தான் ஊரில் இல்லாத பயம் என்று எண்ணிக்கொள்கிறானோ என்று அவள் நினைத்தாள்.

இரண்டாவது வருஷம், புதுப் பைசா வந்த வருஷம், அவளுக்குச் சில்லறைக் கணக்கும் கூரையும் ஒன்றாகக் குழம்பிப் போயின. ஒரு மூங்கிலை அழுத்தினால் விரல் உள்ளே போனது. மேல் தோல் மட்டும் பளபளவென்று இருந்தது, உள்ளே மண். சமையல் செய்யும் பக்கத்தில் கூரை ஒரு சாண் தொய்ந்துவிட்டது, அதற்கு ஒரு முட்டுக்கொம்பு கொடுத்துக் கட்டினாள். தணிகாசலம் வயலுக்குப் போகும்போது வரப்பில் நின்று அதைப் பார்ப்பார். பிறகு நடந்துவிடுவார். அவர் நிற்கிற நேரம் பார்த்து அவள் அடுப்பை மூட்டி, புகை வரட்டும் என்று ஈர விறகை வைத்தாள்.

ஐப்பசி பிறக்கும் முன்பு ஒரு நாள், பால் வாங்கப் பெரிய வீட்டுக்குப் போனவள் மாட்டுக் கொட்டகையில் நின்றுவிட்டாள். கொட்டகைத் தூணிலும் அதே மண் கோடு ஏறியிருந்தது. தூணைத் தாண்டி, கூரை மூங்கில் மேலே நீளமாகப் போய், கடைசியில் அங்கே தொங்கவிட்டிருந்த ஒரு பழைய கோணிப்பைக்குள் நுழைந்திருந்தது. கோணி சல்லடையாகிப் போயிருந்தது. கயிறு பாதி இல்லை. அவள் அங்கே கிடந்த கருக்கரிவாளால் மூங்கில் மேல் இருந்த மண்ணைச் சுரண்டினாள். கீழே மூங்கில் கருப்பாக, வழவழப்பாக, கீறல் இல்லாமல் இருந்தது. அரிவாளின் பின்பக்கத்தால் தட்டினாள். கல்லைத் தட்டியது போலக் கேட்டது. கறையான் அதன் மேல் நடந்து போயிருக்கிறது, வாய் வைக்கவில்லை.

கறந்துகொண்டிருந்த மாமியாரிடம், இது எப்போது கட்டினது அத்தை என்று கேட்டாள். உன் புருஷன் பிறப்பதற்கு முன்னால் என்றாள் மணியம்மாள். இதைக் கறையான் ஏன் தின்னவில்லை என்று கேட்டதும் மாமியார் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஊறப்போட்ட மூங்கி. கார்த்திக மாசம், தேய்பிறையில வெட்டணும். வெட்டி, குட்டையில போட்டு, அதுல கீற இனிப்புத் தண்ணியெல்லாம் எறங்கிப் போவ வுடணும். அப்பால அத எவன் துன்னுவான்? சித்திரையில வெட்டுனா கரும்பு மாரி. வண்டும் செல்லும் வரிசையில வந்து குந்திக்கும்."

கரும்பு மாதிரி என்று சொன்ன பிறகுதான் மாமியாருக்குத் தான் யாரிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது. பீய்ச்சுவதை நிறுத்தினாள். பால் பாத்திரத்துக்குள் ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஏன் அத்த யாரும் சொல்லல?"

"என்ன எதுவும் கேக்காத," என்றாள் மணியம்மாள். "நானும் இந்த ஊட்டுக்கு வந்தவதான்."

அன்று சாயங்காலம் அவள் துளசிராமனிடம் கேட்டாள். அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான். நைனா சொன்ன நாளில் வெட்டினேன், வேறு என்ன செய்வது என்றான். வெகுநேரம் கால் கழுவினான். அவளுக்கு மாமனார் மீது வந்த கோபத்தில் அவன் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. கற்பூரத்தின் எதிரில் அந்தக் கிழவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் இப்போது வேறு அர்த்தத்தோடு திரும்பி வந்தது. பாவம், இவனையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார் என்று நினைத்தாள். சோறு போடும்போது அவனுக்கு ஒரு கரண்டி நெய் அதிகமாக ஊற்றினாள்.

கூரை இறங்கினால்தானே வரவேண்டும். இறங்காமல் பார்த்துக்கொண்டால்? ஓலையைப் பிரிக்காமல், கெட்டுப்போன மூங்கில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நல்ல மூங்கிலைக் கீழேயிருந்து செருகிக் கட்டிவிட்டால், ஒரு நாள்கூடக் கூரை இறங்காது. அப்படிச் செய்யக்கூடாது என்று மாமனார் சொல்லவில்லை. இந்த யோசனை வந்ததும் அவளுக்குக் குடிவந்த நாளின் சந்தோஷம் திரும்பிவிட்டது. அவளுடைய அப்பா தீபாவளிக்குக் கொடுத்திருந்த பணம் டிரங்குப் பெட்டியில் அப்படியே இருந்தது. துளசிராமனிடம் சொல்லவில்லை. மூங்கில் வந்து இறங்கியதும் அவன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

ஆரணிச் சந்தைக்கு அருகில் அப்துல் ஜப்பாரின் மூங்கில் கடை இருந்தது. அவர் பழவேற்காட்டுக்காரர். மலைப்பக்கமிருந்து வரும் மூங்கிலை வாங்கி, பழவேற்காடு ஏரியின் உப்புத் தண்ணீரில் மாதக் கணக்கில் போட்டு வைத்து, வலை கட்டும் மீனவர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் விற்பார். தணிகாசலத்தின் குடும்பத்தோடு வெகுகாலப் பழக்கம். சந்திரகலாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, கடைக்குள் நிழலில் உட்காரச் சொன்னார். தனியாகவா வந்தாய் என்று கேட்டார். தனியாகத்தான் வந்தேன், வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அவள் சிரித்தாள்.

என்ன வேண்டுமென்று சொன்னாள். கூரையின் கதையையும் சொன்னாள். ஜப்பார் கேட்டுக்கொண்டே ஒரு மூங்கிலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தித் தட்டிப் பார்த்தார்.

"உப்புத் தண்ணியில கெடந்தது தங்கச்சி. செல்லு மோந்துகூடப் பாக்காது. இதத்தானே அன்னிக்கே எடுத்துக்கினு போவச் சொன்னேன்."

"யாரை?"

"துளசியத்தான். ஊடு கட்டறதுக்கு முன்னாடி இங்க வந்தாரே. டப்பு அப்பால பாத்துக்கலாம், ஊறுன சரக்கா எடுத்துக்கோ, கொல்லையில கீற பச்ச மூங்கிய வெட்டாத, நிக்காதுன்னேன். வாணாம்னுட்டாரு."

ஜப்பார் அடுத்த மூங்கிலை எடுத்தார்.

"'ரெண்டு மழ தாங்குனா போதும் பாய்' அப்டீன்னாரு. செரி, அதுக்குள்ள கல்லு ஊடு கட்டப்போறாரு போல, கெட்டிக்காரன்தான்னு நானும் உட்டுட்டேன். கட்டலையா இன்னும்?"

"மாமாவும் கூட வந்தாரா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும்.

"இல்லம்மா. அவரு மட்டும்தான் வந்தாரு. ஒக்காந்து டீ குடிச்சிட்டுத்தான் போனாரு."

கடைக்கு வெளியே யாரோ மாட்டை அதட்டினார்கள். ஜப்பார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எதையோ சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டோம் என்று அவருக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் பாய், மூங்கிலை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள் என்று அவள் எழுந்தாள். வாங்க வந்ததை வாங்காமல் போனால், ஏன் என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல அவளால் முடியாது.

வண்டியில் வரும்போது அவள் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். குட்டை ஓரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, நம்பளுது எவ்ளோ அழகா பச்சையா கீது பாருங்க என்று சொன்னாளே, அப்போது அவன் அரிவாளைக் கீழே வைத்தான். சொல்லிவிட அவனுக்கு அந்த ஒரு கணம் இருந்தது. அவள் எத்தனை சந்தோஷமாக இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே அந்தக் கணத்தைக் கடந்து போனான்.

துளசிராமன் வயலிலிருந்து வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலில் இறங்கியிருந்த கருப்பு மூங்கில்களைப் பார்த்ததும் நின்றான். வாசனையை வைத்தே எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டான். அவள் எதிர்பார்த்தபடியே அவன் முகம் மாறியது.

"ஜப்பார் பாய் கடைக்குப் போனியா?"

"போனேன். நீ டீ குடிச்ச எடத்துலதான் நானும் குந்திக்கினு இருந்தேன்."

அவன் உள்ளே வந்து, சாய்ந்திருந்த கூரைக்குத் தலையைக் குனிந்து, அடுப்புக்கு எதிரில் வழக்கமான இடத்தில் குந்தினான். நைனா ஒரு வார்த்தை கூடத் தன்னிடம் இப்படிச் செய் என்று சொல்லவில்லை என்றான். நாள் மட்டும்தான் சொன்னார், சித்திரையிலேயே வெட்டிவிடு என்று. அதைக் கேட்டதுமே தனக்குப் புரிந்துவிட்டது என்றான். அடுப்பு பிரிந்து நிலமும் பிரிந்தால் நைனா தாங்க மாட்டார். அண்ணன்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இவளிடம் முடியாது என்று சொல்லவும் அவனால் முடியவில்லை.

"ரயில்ல நீ கேட்டப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சி தெரியுமா? ரெண்டு வருசம், உன் ஆச தீர இருக்கட்டும்னு நெனச்சேன்."

"என் ஆச தீர எவ்ளோ நாளாவும்னு நீயே முடிவு பண்ணிட்ட."

"நான் மட்டும் இங்க சந்தோசமா இல்லியா கலா? நடிச்சேன்னா நெனக்கிற?"

அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த உப்புச் சாடியும், பொங்கி வழிந்த பாலும், கன்னத்தில் தடவிய தூளும் எல்லாம் நிஜம். அந்தத் தூள் என்னவென்று தெரிந்துகொண்டேதான் தடவினான்.

"ஏணியப் புடிச்சிக்கினு நின்னியே," என்றாள். "நான் மேல ஏறி ஒவ்வொரு கோடா சொரண்டும்போது கீழ நின்னு புடிச்சிக்கினு இருந்தியே. அப்பகூடச் சொல்லலியே."

அவன் தரையைப் பார்த்தான். பந்தலுக்கு வெட்டுகிற மாதிரி வெட்டிவிட்டேன், அவ்வளவுதான், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று முணுமுணுத்தான்.

"பந்தலுக்கு மட்டுமா பச்ச மூங்கி வெட்றாங்க?"

பக்கத்துத் தெருவுக்கு உருவிக் கொடுத்த இரண்டு மூங்கில்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தன. அவன் எழுந்து, இப்போதே இந்த மூங்கிலைச் செருகிவிடலாம், இருட்டுவதற்குள் நாலு கட்டிவிடுவேன், நைனா என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்றான். குரல் உண்மையாகவே இருந்தது. ஒரு மூங்கிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வரவும் வந்தான்.

"கீழ வை," என்றாள் சந்திரகலா.

அரிசிப் பானையை எடுத்து வெளியே வைத்தாள். பாய், டிரங்குப் பெட்டி, இரண்டு செம்புப் பாத்திரங்கள், உப்புச் சாடி. எல்லாம் கொல்லை மண்ணில் வரிசையாக நின்றன. எடுத்து வைக்க அதிகம் இல்லை. பிறகு கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையல் பக்கத்தில் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த முட்டுக்கொம்பின் கட்டுக்கயிற்றை அறுத்துவிட்டு வெளியே வந்தாள். அவன் ஓடிவந்து அவள் கையைப் பிடிப்பதற்குள், கூரை ஒரு பக்கமாகத் திரும்பியது. பெரிய சத்தம் இல்லை. வைக்கோல் போரைத் தள்ளியது போல மெத்தென்று உட்கார்ந்தது. மஞ்சள் தூள் புகையாகக் கிளம்பி இரண்டு பேர் மேலும் படிந்தது. ஒடிந்த மூங்கில்களுக்குள்ளிருந்து வெள்ளைப் பூச்சிகள் வெளிச்சத்துக்குப் பயந்து நாலாபக்கமும் ஓடின.

பெரிய வீட்டிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். ஓரகத்திகள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். தணிகாசலம் எல்லோருக்கும் பின்னால் மெதுவாக வந்தார். சந்திரகலா தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் எதிரில் நின்றாள்.

"கூரை எறங்கிடுச்சி மாமா," என்றாள்.

அவர் அறுபட்ட கயிற்றைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "உள்ள வாம்மா, பொழுது எறங்குது" என்று மட்டும் சொன்னார். மணியம்மாள் முன்னால் வந்து அரிசிப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உப்புச் சாடி அங்கேயே இருந்தது. அதை எடுக்க யாரும் திரும்பி வரவில்லை.

ஜப்பாரின் மூங்கில்கள் மழைக்காலம் முழுவதும் வாசலில் கிடந்தன. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. தை மாதம் ஒரு பசு கன்று போட்டது, கொட்டகையில் இடம் போதவில்லை. நல்ல மூங்கில் சும்மா கிடக்கிறதே என்று மூத்த அண்ணன்தான் சொன்னார். கொட்டகையை நீட்டிக் கட்டுவதாகத் துளசிராமன் ஒப்புக்கொண்டான்.

அவன் அதை அத்தனை பதமாகக் கட்டினான். ஒவ்வொரு மூங்கிலையும் தட்டிப் பார்த்து எடுத்தான். மண்ணில் புதைக்கும் முனைகளுக்குத் தார் பூசினான். மூங்கிலுக்கும் மண் சுவருக்கும் நடுவில் கல் வைத்தான். வேலை செய்யும்போது அடிக்கடி அடுப்படி வாசலைப் பார்த்தான். அவள் சாணம் அள்ள வந்தபோது கொட்டகையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. கன்று மட்டும் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

துளசிராமன் ஏணியிலிருந்து இறங்கினான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, மேலே இருந்த மூங்கிலை ஒரு குச்சியால் தட்டினான். கல்லைத் தட்டியது போலக் கேட்டது.

"எப்டி கீது கலா? நல்லா கட்டிக்கீறேனா?" என்று மெல்லக் கேட்டான். ரயிலில் பேசுகிற குரலில் கேட்டான்.

சந்திரகலா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தலையை உயர்த்தி ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தாள்.

"நல்லா கட்டிக்கீறீங்க," என்றாள். "இது நிக்குங்க."

தண்ணீர் வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, சாணக் கூடையோடு கொல்லைப் பக்கம் போனாள்.